நிலத்தில் இடும் பணம்

ஸ்தாவர சொத்து என்றால் நம்மவர்களுக்கு மனத்தில் தனியான ஒரு தைரியம் பிறந்துவிடுகிறது. பணி ஓய்வு பெறுகிற நாளில் கைக்கு வரும் கிராஜுவிட்டியும் சேமநல நிதியும், துபாயிலும் சிங்கப்பூரிலும் பல வருஷம் உழைத்து ஊருக்கு அனுப்பிய தொகையும், சீட்டு எடுத்த பணத்தில் செலவு போக மீந்ததும் கடைசியில் வந்து சேர்கிற இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு மனையாகவோ, நகரத்தின் ஓரத்தில் ஓர் அடுக்குமாடி வீடாகவோதான் இருக்கிறது. மண் எங்கேயும் ஓடிப்போகாது என்கிற எண்ணம் நமக்குப் பரம்பரையாக வந்தது; அதில் உண்மையும் உண்டு. ஆனால் மண் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் நமக்கிருந்த பாத்தியதை மட்டும் கைநழுவிப் போன கதைகள் ஒவ்வொரு ஜில்லாவின் சிவில் கோர்ட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன என்பதைப் பணம் கொடுக்கிற உற்சாகத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

நிலத்தை வியாபாரமாகவே செய்கிற பெரிய நிறுவனத்துக்கும், பத்து லட்சமோ ஐம்பது லட்சமோ வைத்துக்கொண்டு ஆயுளில் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை இத்துறையில் காலடி வைக்கிற சாமானியருக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. நிறுவனத்துக்குச் சம்பளத்துக்கு வக்கீல் இருக்கிறார், சர்வேயர் இருக்கிறார். ஒரு கிரயம் தவறிப்போனாலும் மற்ற பத்துக் கிரயங்களின் ஆதாயத்தில் அந்த நஷ்டம் கரைந்துபோகும். சாமானியருக்கோ அந்த ஒரு கிரயமே எல்லாம். அது தவறினால் அவருடைய முதுமைக்கால ஜீவனமே ஆட்டங்கண்டுவிடும். ஆகையால் மூலதனத்தை இழக்காமல் இருப்பது அவருக்கு முதல் தர்மம். ஆதாயத்தைப் பற்றிய யோசனை அதற்கு அடுத்தபடியாகத்தான் வர வேண்டும். நிலத்தில் லாபமும் நஷ்டமும் விற்கிற அன்றைக்கு வருவதாகத் தோன்றினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய சில வாரங்களிலேயே அவை பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றன என்பதும், அந்தச் சில வாரங்களைக் கணக்குப் போடுவதிலும் காகிதம் பார்ப்பதிலும் செலவிடுகிறவரே சிறு முதலீட்டாளர்களில் புத்திசாலி என்பதுமே இக்கட்டுரையின் சாரம்.

முதலில் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, 30 லட்ச ரூபாய்க்கு வாங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மனைக்கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் சேர்த்து நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 9 சதவிகிதம் சர்க்காருக்குப் போகிறது. அது 2 லட்சத்து 70 ஆயிரம். தரகு, வக்கீல் கட்டணம், பத்திர எழுத்தர் செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 80 ஆயிரம். வாங்கியவர் பத்திரத்தைக் கையில் வாங்கும்போதே மனையின் விலை அவருக்கு முப்பத்து மூன்றரை லட்சமாகிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து அதே மனையை 45 லட்சத்துக்கு விற்கிறார்; பணம் ஒன்றரை மடங்காகிவிட்டது என்று உறவினர்களெல்லாம் ஆச்சரியப்படுகிறார்கள். விற்பனைத் தரகு 90 ஆயிரம் போக நிற்பது 44 லட்சத்து 10 ஆயிரம். அதில் வருகிற 10 லட்சத்து 60 ஆயிரம் ஆதாயத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி, 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, 12.5 சதவிகிதம். மேல்வரியையும் சேர்த்துக் கழித்தால் கைக்கு வருவது 42 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம். போட்ட முப்பத்து மூன்றரை லட்சத்துக்கு இது வருஷத்துக்குச் சுமார் 5 சதவிகிதக் கூட்டு வட்டியாகிறது! ஒன்றரை மடங்கு என்று ஊரார் வாயில் பெரிதாக ஒலித்தது, காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போது பாங்கியின் நிரந்தர வைப்புக்கு ஏறக்குறையச் சமமாக வந்து நிற்கிறது.

இதனால் நிலத்தில் பணம் போடவே கூடாது என்று ஆகிவிடாது. குறுகிய காலத்துக்கென்று போடலாகாது என்பதுதான் இதன் பொருள். வாங்கும்போதும் விற்கும்போதும் ஏற்படுகிற செலவு பத்து, பன்னிரண்டு வருஷங்களில் பரவும்போது சொற்பமாகத் தெரியும்; இரண்டு வருஷத்தில் கைமாற்றினால் அதுவே ஆதாயம் முழுவதையும் விழுங்கிவிடும். இதிலிருந்து இன்னொரு விதியும் பிறக்கிறது: மகளின் கல்யாணத்துக்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மூன்று வருஷத்தில் தேவைப்படுகிற பணத்தை மண்ணில் புதைக்கலாகாது. மனையை விற்பதற்கு வாங்குகிறவர் ஒருவர் வேண்டும். நமக்கு அவசரம் என்று தெரிந்தவுடன் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார். பத்து பவுன் நகையை அரை மணியில் பணமாக்கலாம்; பத்து சென்ட் நிலத்தை நியாயமான விலைக்கு விற்க ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம்.

வாடகை வருமானத்தை உத்தேசித்து அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களின் கணக்கு இதைவிடக் கடினமானது. 60 லட்சம் பெறுமான வீட்டுக்கு மாதம் 16 ஆயிரம் வாடகை வருகிறதென்றால் வருஷத்துக்கு 1 லட்சத்து 92 ஆயிரம். நூற்றுக்கு மூன்று சொச்சம். குடிவருவோர் மாறுகிற இடைவெளியில் ஒரு மாதம் வீடு பூட்டிக்கிடக்கும். சொத்து வரி, சங்கத்துக்குக் கொடுக்கிற பராமரிப்புத் தொகை, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என்று கழித்தால் இரண்டரை சதவிகிதம் நின்றால் அதிகம். இதற்காக 45 லட்ச ரூபாயை எட்டரை சதவிகித வட்டிக்கு இருபது வருஷத் தவணையில் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 39 ஆயிரம். வாடகை போக மாதந்தோறும் 23 ஆயிரம் சொந்தச் சம்பளத்திலிருந்து போக வேண்டும். கட்டடமோ வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகிறது; விலை ஏறுவதெல்லாம் அதன் அடியில் உள்ள மண்ணுக்குத்தான். ஆகவே அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் ஹாலின் அகலத்தையும் சமையலறை அலமாரியையும் பார்ப்பதற்கு முன், பத்திரத்தில் தமக்கு எழுதப்படுகிற பிரிபடாத மனைப் பங்கு, வழக்கில் யுடிஎஸ் என்பது, எத்தனை சதுர அடி என்று கேட்க வேண்டும். ஒரே விலைக்கு விற்கிற இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 550 சதுர அடி மண்ணும் மற்றொன்றுக்கு 300 சதுர அடி மண்ணும் இருக்கலாம். முப்பது வருஷம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டுகிற நாளில் அந்த வித்தியாசமே சொத்தின் மதிப்பாகிவிடும். தாம் குடியிருக்க வாங்குகிற வீட்டுக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே நிம்மதிக்கும் விலை உண்டு. முதலீட்டுக்கென்று வாங்குகிறவர் அந்த நிம்மதியின் பெயரைச் சொல்லித் தம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

காலி மனையைக் கடன் வாங்கி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை தராத சொத்துக்கு வட்டி கட்டுகிறவர், நிலத்தின் விலை வட்டியைவிட வேகமாக ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார்; அந்தப் பந்தயத்தில் தோற்றால் தவணைக்காகவே மனையை விற்க நேரிடும்.

இனிக் காகிதத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில் தாம்பரம் போன்ற இடங்களில் மனைப்பிரிவுக்காரர்களின் வேன்கள் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவதைக் காணலாம். செங்கற்பட்டைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்து எல்லையில் புதிதாக எழுப்பிய வளைவு, வண்ணக் கொடிகள், புதுத் தார் மணக்கிற முப்பதடிச் சாலை, சிவப்பு மையில் எண் எழுதிய வெள்ளைக் கற்கள். இறங்கியவுடன் இளநீர்; சுற்றிப் பார்த்தவுடன் பந்தலில் பிரியாணி. "நாற்பத்தாறு நேத்தே போயிடுச்சு சார், கார்னர் பிளாட் நாற்பத்தேழுதான் பாக்கி. இன்னைக்கு டோக்கன் போட்டீங்கன்னா சதுர அடிக்கு ஐம்பது ரூபா குறைச்சுக்கலாம், ஒண்ணாந்தேதி ரேட் ஏறுது" என்று இளைஞர் ஒருவர் பணிவாகச் சொல்கிறார். பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஆயிரம் ரூபாய் நோட்டுக் காலத்துப் பழக்கத்தோடு பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணுகிறார். அந்தச் சூழ்நிலையில் நாமும் பையைத் திறந்துவிடுவது மனித சுபாவம். அதனாலேயே, நிலத்தைப் பார்க்கிற நாளில் பணமோ செக் புத்தகமோ எடுத்துப் போகாமல் இருப்பதை ஒரு விரதமாகவே கைக்கொள்ளலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஜெராக்ஸ் செட். நேர்மையான விற்பனையாளர் தாய்ப் பத்திரம் முதல் இன்றைய பட்டா வரையில் நகல்களைக் கொடுத்துவிட்டு, வக்கீலிடம் காட்டி வாருங்கள் என்பார். டோக்கன் போட்டால்தான் நகல் என்கிறவரிடம் நமக்கு வேலை இல்லை.

காகிதம் பார்ப்பது ஏன் இத்தனை சிரமமாயிருக்கிறது என்பதற்குச் சரித்திரம் ஒரு காரணம் சொல்கிறது. 1792இல் பாராமகால் பிரதேசம் கும்பினியார் வசமானபோது, அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் உத்தியோகம் பார்த்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிற குடியானவனிடமே நேராகத் தீர்வை வசூலிக்கிற ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். பிற்காலத்தில் மன்றோ சென்னை கவர்னரானபோது அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. இன்று நம் கையிலுள்ள பட்டா அந்த ஏற்பாட்டின் சந்ததி. தீர்வைக்கு யார் பொறுப்பு என்பதைக் காட்டுவதற்காக ஏற்பட்ட தஸ்தாவேஜு. அதனால்தான் பட்டா மாத்திரம் உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. மற்றொரு பக்கத்தில், 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்குகிற சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை எழுதிக் கொடுத்தார் என்பதை அது பதிவு செய்கிறதே தவிர, எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து உண்மையில் உரியதுதான் என்று உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆக, வருவாய்த் துறையின் பதிவேடு ஒன்று, பதிவுத் துறையின் பதிவேடு ஒன்று. இரண்டையும் சேர்த்துவைத்து ஒத்துப் பார்க்கிற பொறுப்பை ராஜாங்கம் வாங்குகிறவர் தலையிலேயே சுமத்தியிருக்கிறது.

மேலே சொன்ன 30 லட்ச ரூபாய் மனையையே எடுத்துக்கொண்டு இந்த ஒத்துப்பார்க்கிற வேலையைச் செய்வோம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண் 118/2, விஸ்தீரணம் ஐந்தரை சென்ட் என்று எழுதியிருக்கிறதாக வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் 2,395 சதுர அடிக்குச் சற்று மேல். ஒரு கிரவுண்டு என்று சொன்னது சரிதான். பட்டாவை எடுத்தால் உட்பிரிவு 118/2பி என்றும், விஸ்தீரணம் 2 ஏர் என்றும் இருக்கிறது. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. இரண்டு ஏர் 2,153 சதுர அடிதான். 240 சதுர அடிக்கு மேல் குறைகிறது. சதுர அடி 1,250 ரூபாய் வீதம் அது 3 லட்ச ரூபாய்! புலப்படத்தை வாங்கிப் பார்த்தால், பத்திரத்தின் செக்குபந்தியில் மேற்கே இன்னாருடைய மனை என்று எழுதியிருக்கிற இடத்தில் வண்டிப்பாதை ஓடுகிறது. குறைந்துபோன மண் எங்கே போயிற்று என்பது இப்போது விளங்குகிறது. 1979இல் தொடங்கிய யுடிஆர் எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரிலும் விஸ்தீரணத்திலும் புகுந்த பிழைகள் இன்றும் பல கிராமங்களில் திருத்தப்படாமல் இருப்பதால், இத்தகைய முரண்பாடு அபூர்வமான சம்பவம் என்று யாரும் எண்ண வேண்டாம். பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகிய நான்கையும் மேஜைமேல் பரப்பி, சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கிலி பிடித்து அளந்து பார்த்த பிறகே விலையைப் பேச வேண்டும். அளவைச் செலவு சில ஆயிரங்கள். அது மிச்சப்படுத்தக்கூடியது சில லட்சங்கள்.

அடுத்தது வில்லங்கச் சான்று. இதைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது பெரிய சௌகரியம். குறைந்தபட்சம் முப்பது வருஷத்துக்கு எடுத்து, ஒவ்வொரு பதிவும் அதற்கு முந்தைய பதிவோடு சங்கிலிபோல் கோத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். விற்றவருக்கு அந்தச் சொத்து கிரயமாக வந்ததா, பாகப்பிரிவினையாக வந்ததா, செட்டில்மெண்டாக வந்ததா என்பது ஒவ்வொரு கண்ணியிலும் விளங்க வேண்டும். ஆனால் வில்லங்கம் இல்லை என்று சான்று சொல்வதனாலேயே வில்லங்கம் இல்லை என்று தீர்மானித்துவிடலாகாது. உயில் அதில் வராது. பதிவு செய்யாத ஒப்பந்தம் வராது. பத்திரத்தைக் காகிதம் எழுதாமல் ஒருவரிடம் ஈடாக வைத்துப் பணம் வாங்கியிருந்தால் அதுவும் வராது. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு பெரும்பாலும் வராது. அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அசல் காணாமற்போய்விட்டது, போலீஸ் சான்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம்; அசல் அடகுக் கடையில் இருக்கவும் கூடும்.

வாரிசுகளைப் பற்றிய விஷயத்தில் நம் சமூகத்தின் பழைய வழக்கமே வாங்குகிறவருக்குச் சத்துருவாகிவிடுகிறது. பெண்ணுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்கு இதில் பங்கில்லை என்று சகோதரர்கள் நல்ல மனத்தோடேயே சொல்லக்கூடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாடு 1989ஆம் வருஷத்துத் திருத்தத்தின் மூலமாகவே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அளித்தது. மத்திய சட்டம் 2005இல் அதை நாடெங்கும் விரிவாக்கியது. தந்தை 2005க்கு முன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை குன்றாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே வாரிசுச் சான்றில் பெயருள்ள எல்லாப் பெண்களும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இன்றித் தாயோ தகப்பனோ அதை விற்க இயலாது; விற்றாலும் மைனர் வயதுக்கு வந்தபின் வழக்கிடலாம். பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறவர் வந்தால், பவர் கொடுத்தவரை நேரில் சந்திப்பதே உத்தமம்; அவர் காலமாகிவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. பதிவு செய்த கிரயத்தை விட்டுவிட்டுப் பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு சொத்து வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு, அதனால் உரிமை மாறுவதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் விடையளித்துவிட்டது.

எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக்கூடாத நிலங்களும் உண்டு. மேய்க்கால், ஓடை, களம், பாதை என்று புறம்போக்காகக் குறிக்கப்பட்டவை, திருக்கோயில் நிலம், வக்ஃபு நிலம், வினோபாவின் இயக்கத்தில் தானமாகக் கொடுக்கப்பட்ட பூதான நிலம், நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் 1978க்கும் 1999க்கும் இடையே சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலம். இவற்றுள் பஞ்சமி நிலத்தைத் தனியே சொல்ல வேண்டும். செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் சமர்ப்பித்த அறிக்கையைத் தொடர்ந்து, மறுவருஷம் முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்டது அது. குறிப்பிட்ட காலத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் அவ்வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு மக்கள் கூட்டம் நிமிர்ந்து நிற்பதற்காகக் கொடுத்த மண்ணை நாலு கை மாறிய பத்திரத்தைக் காட்டி மலிவாக விற்கிறார்கள் என்றால், சட்டத்தின் பயத்தால் மட்டும் அல்லாமல் மனச்சாட்சியின் பொருட்டும் அதைத் தொடாமல் விலகுவதே நியாயம். அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இத்தகைய விவரங்கள் பெரும்பாலும் அகப்படும். கிராம நிர்வாக அலுவலரையும், அந்த ஊரில் வயதான விவசாயிகள் இருவரையும் கேட்டால் மீதி தெரிந்துவிடும்.

அங்கீகாரத்தைப் பற்றி முன்பிருந்த குழப்பம் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அவ்வருஷம் அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளை ஒழுங்குபடுத்த 2017இல் விதிகள் வந்ததும் எல்லோரும் அறிந்தவையே. பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மனைப்பிரிவுக்கு அங்கீகாரமாகாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ, நகர் ஊரமைப்பு இயக்ககமோ தந்த எண் வேண்டும். மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பும் ரெரா என்கிற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்கிற முகவருக்கும் பதிவெண் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் கேட்பது அந்தச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு விதியை நினைவில் வைத்திருந்தாலே பலருடைய பணம் தப்பிக்கும்.

அங்கீகாரம் இருந்தால் மட்டும் தண்ணீர் வராது என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஜனங்கள் படகில் வெளியேறியதையும் பார்த்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் ஓரங்களில் எத்தனையோ மனைகள் சித்திரை வெயிலில் கட்டாந்தரையாகக் காட்டி விற்கப்பட்டுவிட்டன. மனையைப் பார்க்க ஏற்ற மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்கிறவருக்கு எந்த வரைபடமும் சொல்லாத விஷயத்தை மண்ணே சொல்லிவிடும். பக்கத்து வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலும் போதும்.

விலை ஏறும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் வரப்போகிற ஒரு திட்டம். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்த மாத்திரத்தில், சுற்றிலும் மனை விளம்பரங்கள் முளைத்தன. ஏகனாபுரம் முதலிய கிராமங்களின் விவசாயிகளோ நிலத்தை விடமாட்டோம் என்று போராடத் தொடங்கினார்கள். திட்டம் வந்தால் நிலம் கையகப்படுத்தப்படலாம். தாமதித்தால் பணம் வருஷக்கணக்கில் முடங்கலாம். வந்தே தீரும் என்றால் அந்த நம்பிக்கையின் விலையை விற்கிறவர் முன்னமே சேர்த்துக் கேட்டிருப்பார். கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதற்குப் பல வருஷம் முன்பே அந்தப் பெயரைச் சொல்லி வண்டலூரிலும் ஊரப்பாக்கத்திலும் விலை உயர்ந்திருந்தது. சிறு முதலீட்டாளர் வரப்போகிற ரயிலைவிட, இன்று ஓடுகிற பஸ்ஸையும், பக்கத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தையும், குடிநீர்க் குழாயையும், மாலையில் விளக்கெரிகிற வீடுகளின் எண்ணிக்கையையும் நம்புவது விவேகம்.

கறுப்புப் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் பூர்த்தியாகாது. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், முத்திரைத் தீர்வை மிச்சம் என்று இன்றும் சொல்கிறார்கள். மிச்சப்படுவது ஒன்பது சதவிகிதம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குப் பத்திரத்தில் சாட்சியில்லை, கிரயம் முறிந்தால் திரும்பக் கேட்க வழியில்லை, பிற்காலத்தில் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகக் காட்டப்பட்டிருப்பதால் ஆதாய வரியும் அதிகம். சொத்துக் கிரயத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துமிருக்கிறது. பிறர் மறைக்கிற வரியின் பாரத்தை வாங்குகிறவர் சுமப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அந்தரங்கம்.

வாங்கிய பிறகும் உரிமையாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. பத்திரம் பதிவானவுடன் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாலு மூலையிலும் கல் நட்டு வேலி போட வேண்டும். வரி ரசீதுகளைக் கோத்து வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஓரிரு தடவையாவது நேரில் போய் நிற்க வேண்டும். தனியார் நிலத்தைப் பன்னிரண்டு வருஷம் தடையின்றித் தமதாகவே வெளிப்படையாக அனுபவித்தவர் உரிமை கொண்டாடுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளின் பெயரில் மனை வாங்குகிற பெற்றோர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்வது இருவருக்குமே பாதுகாப்பு.

இவ்வளவு பாடும் ஒரு தனிமனிதர் பட வேண்டியிருப்பதில் ராஜாங்கத்துக்கும் பங்குண்டு. ஒன்பது சதவிகிதம் வாங்கிக்கொள்கிற சர்க்கார், தான் பதிவு செய்கிற சொத்தின் உரிமைக்கு எவ்வித உத்தரவாதமும் தராமல் இருப்பது நியாயமாகப் படவில்லை. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பட்டா தானாகவே மாறுகிற ஏற்பாடு நல்ல ஆரம்பம். அதோடு நில்லாமல் பதிவுத் துறை, வருவாய்த் துறை, அறநிலையத் துறை, நீதிமன்றங்கள் ஆகியவற்றின் விவரங்கள் ஒரு சர்வே எண்ணைத் தட்டினால் ஒரே பக்கத்தில் தெரியும்படி செய்வது தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் இல்லை. அது ஏற்படுகிற வரையில் வக்கீலின் கருத்துரைக்குக் கொடுக்கிற கட்டணத்தை வீண் செலவென்று எண்ணாமல், அதையும் மனையின் விலையில் ஒரு பகுதியென்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வக்கீல் விற்கிறவர் அழைத்து வந்தவராக இருக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெரிய நிறுவனத்தோடு ஒப்பிட்டால் சிறு முதலீட்டாளரிடம் பணமும் செல்வாக்கும் குறைவுதான். ஆனால் அவரிடம் உள்ள ஒரு பலம் நிறுவனத்திடம் இல்லை. நிறுவனத்தார் கடன் வாங்கி மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள், வட்டி ஓடுகிறது, இந்த மாதத்துக்குள் விற்றாக வேண்டும். சேமிப்பிலிருந்து வாங்க வந்தவருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. காகிதம் ஒத்துவராவிட்டால் அடுத்த மனையைப் பார்க்கலாம், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வாங்கலாம். அதுவரையில் பணம் பாங்கியில் வட்டி ஈட்டிக்கொண்டுதான் இருக்கும். இருந்தும், ஒண்ணாந்தேதி ரேட் ஏறுகிறது என்ற ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பலத்தை நாமே எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறோம். பத்து மனை பார்த்து ஒன்பதை வேண்டாமென்று சொல்லத் துணிந்தவருக்குப் பத்தாவது மனை தாமதமாகத்தான் கிடைக்கும். ஆனால் அது அவர் பிள்ளைகளுக்கு வழக்காகப் போகாமல் சொத்தாகப் போய்ச் சேரும்.